எங்க ஆளுங்க

வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. திண்டிவனத்தில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் விழுப்புரத்துக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டியதாயிற்று. பஸ்ஸில்தான் போய் வந்தோம். போகும்போது சமாளித்துவிடுவார். நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்துவிட்டுத் திரும்பும்போது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட அவரால் முடியாது. ஒரு நாள் விக்கிரவாண்டியில் அவரைப் பாதி வழியிலேயே இறக்கி, ஒரு கடை வாசலில் படுக்கவைத்து முந்தானையால் விசிறினேன். அடுத்த வாரமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

பழைய கார் ஒன்று வாங்கினோம். பின்சீட் சும்மாதானே போகிறது என்று, அதே நேரத்துக்கு டயாலிசிஸுக்கு வருகிற இருவரை வழியில் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தோம். ஒருவர் திண்டிவனத்திலேயே கடை வைத்திருந்த டெய்லர். இன்னொருத்தி மயிலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. நாற்பது வயதிருக்கும். நடவுக்கும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்கவும் போய்க்கொண்டிருந்தவள், நோய் வந்ததும் வீட்டோடு முடங்கிவிட்டாள். கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில், மேம்பாலத்துக்குக் கீழே, கையில் ஒரு துணிப்பையோடு நிற்பாள்.

மூன்றாவது வருடம் கணவர் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் டெய்லர் போன் செய்தார். துக்கம் விசாரித்தார்.

"மேடம், கேக்கறதுக்கே கஷ்டமா கீது. நாளைக்கு வண்டி வருங்களா?"

வரும் என்றேன். அந்தப் பதினாறு நாளில் நான் யோசிக்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்து, காரை எடுத்தேன். முன்சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஆனால் அன்று திரும்பி வந்து பல நாளைக்குப் பிறகு பசியோடு சாப்பிட்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டு இன்னும் நாலு பேர் கேட்டார்கள். காரை விற்றுவிட்டு வேன் வாங்கினேன். கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவு செய்து, அந்தப் பெயரை வேனின் இரண்டு பக்கமும் எழுதவைத்தேன். திங்கள், புதன், வெள்ளி ஒரு குழு. செவ்வாய், வியாழன், சனி இன்னொரு குழு. ஞாயிற்றுக்கிழமை வேனைக் கழுவுவேன். பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னை ஒரு பொருட்டாக யாரும் நினைக்காத வயதில், ஆறேழு உயிர்கள் என்னை எதிர்பார்த்து ரோட்டோரம் நின்றன. அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

எப்போது அது என்னை இறுக்க ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவது நின்றது. காய்ச்சலோடு ஓட்டினேன். ஒரு முறை மாற்று டிரைவர் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் வந்தார், மூன்றாம் நாள் போனை அணைத்துவிட்டார். டயாலிசிஸை ஒரு நாள் தள்ளிப்போட்டால் உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு வாங்கும். பொங்கலோ தீபாவளியோ, மெஷினுக்கு அது தெரியாது. காலை ஆறு மணிக்கு அவர்களை இறக்கிவிட்டு, பதினொன்று வரை ஆஸ்பத்திரி வளாகத்தில் புங்கமரத்தடியில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். வெயில் ஏற ஏற நிழல் நகரும். நானும் வேனை நகர்த்துவேன். சில நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, இந்த நோயாளிகளில் யாராவது குறைந்தால் நாளைக்குக் கொஞ்சம் தூங்கலாம் என்று தோன்றும். உடனே மனம் பதறும். அப்படி நினைத்ததற்காகவே மறுநாள் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புவேன்.

அந்த மரத்தடியில் இன்னும் இரண்டு வண்டிகள் நிற்கும் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். ஒன்று கோட்டக்குப்பத்து இளைஞர்கள் கூடி விட்டிருந்த வண்டி. வளைகுடாவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பாய் ஒருவர் ஓட்டுவார். வானூர், மயிலம் வழியாகச் சுற்றி ஆட்களை ஏற்றிவருவார். இன்னொன்று செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் கன்னியாஸ்திரீகளின் வண்டி. அதற்கு டிரைவர் உண்டு. கூடவே ஒரு சிஸ்டர் வருவார். மூன்றிலும் பாதி சீட் காலியாகத்தான் இருக்கும். இரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பாய் ஒரு நாள் வந்து வேன் கதவருகே நின்றார்.

"மேடம், அந்த மயிலத்து அம்மா எங்க ரூட்லதான் இருக்காங்க. அவங்க ஊரு வாசல்லியே ஏத்திக்கினு வந்துடறோம். உங்களுக்கு ஒரு ஸ்டாப் மிச்சம்."

அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "வேணாம் பாய். அவங்க எங்க ஆளுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா வாரத்தில் மூன்று நாள் தன் ஊரிலிருந்து ஜங்ஷன் வரை ஷேர் ஆட்டோவில் வந்து நின்றாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் சொன்னேன்.

என் மகள் ஓசூரில் இருக்கிறாள். முதல் பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்து வந்து பார்க்க என்னால் முடியாது என்பதால், பிரசவத்தின்போது பத்து நாள் நானே அங்கே வந்து இருப்பதாகச் சொல்லியிருந்தேன். "வருவியாம்மா, நிஜமா?" என்று அவள் கேட்ட விதத்திலேயே அவளுக்கு நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. மாற்று ஏற்பாட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே, குறித்த தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக, ஒரு திங்கட்கிழமை காலையில் குழந்தை பிறந்துவிட்டது. மருமகன் வீடியோவில் காட்டினார். நான் புங்கமரத்தடியில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். சிவந்த சின்ன முகம். குரல் விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு மகளைக் காட்டினார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "எங்க இருக்கே? வேன்லயா?" என்றாள். கோபமாகக்கூட அல்ல. உள்ளே நான்கு பேர் மெஷினோடு இணைக்கப்பட்டிருந்தார்கள். சாவி என் கையில் இருந்தது. எங்கேயும் போக முடியவில்லை.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. மயிலத்து அம்மா நின்றாள். அவளுக்கு அன்று சீக்கிரமே முடிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தேன். விஷயத்தைச் சொன்னேன். பேத்தி என்றதும் முகம் மலர்ந்தது.

"அப்புறம் ஏம்மா இங்க குந்திக்கினு இருக்கீங்க? கெளம்புங்க."

"நான் போயிட்டா உங்களையெல்லாம் யாரு பாத்துக்குவா?"

அவள் மற்ற இரண்டு வண்டிகளையும் பார்த்தாள். "அதோ நிக்குதே."

"அது வேற வேற ஆளுங்க வண்டி."

"உங்களுக்குத்தாம்மா அது வேற வேற வண்டி. எங்களுக்கு எல்லாம் ஒரே வண்டிதான். உள்ள பக்கத்து பக்கத்து கட்டில்லதான் படுத்துக்கினு இருக்கறோம். அந்தப் பாய் வண்டில வர்றவரு ஊட்டு சமாச்சாரம் பூரா எனக்குத் தெரியும். நீங்க மூணு பேரும்தான் ஒருத்தர ஒருத்தர் பேசிக்கறதில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நீங்க வரலன்னா நாங்க செத்துடுவோம்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. பாவம்."

'பாவம்' என்று என்னைத்தான் சொன்னாள். சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கு எனக்கு ரோஷப்பட நேரமில்லை. இறங்கிப் போய்ப் பாயிடம் பேசினேன். அவர் என் பழைய வார்த்தையை நினைவுபடுத்தவில்லை. சிஸ்டரையும் கூப்பிட்டார். மூவரும் கேட் பக்கத்து டீக்கடையில் நின்றோம். அவ்வளவு காலத்தில் நாங்கள் சேர்ந்து டீ குடித்தது அதுதான் முதல் தடவை.

பாய்தான் முதலில் மனம் திறந்தார். "எங்களுக்கும் சிக்கல் இருக்குதுக்கா. கல்ஃப்ல இருக்கற நம்மூர்ப் பசங்க அனுப்பித்தான் வண்டி ஓடுது. வாராவாரம் போட்டோ கேப்பாங்க. நம்ம வண்டி, நம்ம பேனரு, நம்ம ஆளு ஏறுற மாதிரி. அடுத்தவங்க ஆளு ஏறனா விளக்கம் சொல்லணும். பேஜாரு."

சிஸ்டர் மெதுவாகச் சிரித்தார். "எங்க தலைமை இல்லத்துக்கு நான் மாசாமாசம் எழுதறேன். வண்டி எத்தனை தடவை போச்சுன்னுதான் எழுதணும். எத்தனை சீட்டு காலின்னு எழுத அதுல இடமே இல்ல."

நான் மட்டும்தான் மாட்டிக்கொண்டு தவிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். யாருக்கோ காட்டுவதற்காக ஓட்டுவதில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் இருந்தோம். நான் காட்டிக்கொண்டிருந்தது செத்துப்போனவருக்கு. அதை அங்கே சொல்லவில்லை. திண்டிவனத்து ஆட்களைச் சிஸ்டர் வண்டி திண்டிவனம் சுற்றிவந்து ஏற்றிக்கொள்வது, மயிலம் பக்கத்து ஆட்களைப் பாய் ஏற்றிக்கொள்வது என்று பேசி முடித்தோம். அன்று மாலையே ஓசூருக்கு பஸ் ஏறினேன்.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, அமாவாசை. பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மயிலத்து அம்மாவின் போன்.

"அம்மா, யாரும் வரல. ரொம்ப நேரமா ஜங்ஷன்லியே நின்னுக்கினு இருந்தேன். இப்ப பஸ்ல ஏறிட்டேன். மூச்சு கொஞ்சம் வாங்குது. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் பாத்தேன்."

மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டத்தில் சிஸ்டர் வண்டி சிக்கித் தாமதமாகியிருக்கிறது. அவளை ஊரிலேயே பாய் ஏற்றியிருப்பார் என்று அவர்கள் மேம்பாலத்தின் மேலேயே நேராகப் போய்விட்டார்கள். ஊர் வாசலில் அவளைக் காணாததால், ஜங்ஷனில் சிஸ்டர் வண்டி ஏற்றியிருக்கும் என்று பாய் போய்விட்டார். அவளோ பழைய பழக்கத்தில் ஜங்ஷனுக்கே வந்து நின்றிருக்கிறாள். குழந்தையைத் துடைத்து மகளிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துத் துணிகளைத் திணித்தேன். மகள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாய்க்கு போன் செய்து கண்டபடி பேசினேன். அவளிடமிருந்தே விஷயம் தெரிந்து, அவர் அதற்குள் ரோட்டுக்கு ஓடிப்போய், பஸ்ஸை நிறுத்தி, அவளை வீல்சேரில் உட்காரவைத்து உள்ளே சேர்த்திருந்தார். அடுத்த மெஷின் காலியானதும் போடுவதாக நர்ஸ் சொல்லிவிட்டாராம்.

"தப்பு எங்களோடதுதான்க்கா" என்றார். "ஆனா நீங்க இப்ப கெளம்பி வந்தீங்கன்னா, இனிமே எப்பவும் கெளம்பி வந்துக்கினேதான் இருக்கணும். வராதீங்க."

போனை வைத்துவிட்டுப் பையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வண்டி ஓட்டிய வருடங்களில் எதுவும் அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. மாலையில் அவளே பேசினாள். மெஷின் முடிந்து இட்லி சாப்பிட்டதாகச் சொன்னாள். அதன் பிறகுதான் துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

நான் திரும்பி வந்தபோது அவளே ஒரு யோசனை வைத்திருந்தாள். "நீங்க மூணு பேரும் பேசனா இப்படித்தான் ஆவும். ஒருத்தர் சொன்னா போதும். நான் ஊட்ல சும்மாதான கெடக்கறேன். மொத நாளு சாயங்காலம் எல்லாருக்கும் நான் போன் பண்றேன். யார் எந்த வண்டின்னு நான் சொல்றேன்." பாயோடு சேர்ந்து வண்டி விடும் இளைஞர்களில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அந்த அம்மாவா நமக்கு உத்தரவு போடுவது என்று ஒருவர் கேட்டதாகவும் தெரியவந்தது. பாய் அதை எப்படிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து அவள்தான் சொன்னாள். ஆறு நாள் ஓடிக்கொண்டிருந்த எனக்கு இரண்டு நாள்தான் கொடுத்தாள். "வயசாவுது இல்ல" என்றாள்.

மற்ற நாட்களில் பழக்க தோஷத்தில் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். வாசல் தெளித்து, காபி குடித்து, பேப்பர் படித்து முடித்த பிறகும் மணி ஏழு ஆகியிருக்காது. வீடு அந்த வேனைவிடச் சின்னதாகத் தோன்றும். ஒரு வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் அவளுக்கு போன் செய்து, இன்றைக்கு யாருக்காவது வண்டி வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. எல்லாம் போயாச்சி. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். பின்னால் யாரோ பேசும் சத்தம். ஜல்தியாக வைத்துவிட்டாள்.

போன மாதம் பேத்திக்குக் காது குத்தினார்கள். இரண்டு வாரம் ஓசூரில் தங்கினேன். ஒரு போன்கூட வரவில்லை. திரும்பி வந்த பிறகு, பேச்சுவாக்கில் டெய்லர் சொன்னார். நடுவில் ஒரு நாள் என் வேன் பாதி ரோட்டில் நின்றுவிட்டதாம். ஓட்டிப்போனது பாயின் ஆள். சிஸ்டர் வண்டி திரும்பிவந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. கால் மணி நேரம்தான் தாமதம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மயிலத்து அம்மாவிடம் கேட்டேன்.

"சொல்லி என்னம்மா பண்றது? நீங்க அங்க கொழந்தய வச்சிக்கினு இருந்தீங்க" என்றாள்.

சரிதான் என்றேன். அன்று முழுவதும் எனக்கு மனசு சரியில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தெரிகிறது. சந்தோஷம் வரவில்லை. மறுநாள் என் முறை. மயிலத்துக்குப் போய் அவளை ஊர் வாசலிலேயே ஏற்றிக்கொண்டேன். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு, அன்றைய ஆட்கள் கிளம்பிவிட்டார்களா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.