சித்தியைப் பற்றிய பக்கம்

அண்ணனுக்குப் பதினாறு வயதான வருடம், எங்கள் லயத்தைப் பற்றி ஒரு பத்திரிகை நடத்தவேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. லயம் என்றால் தேயிலைத் தோட்டத்து லயமல்ல. மாத்தளை நகரத்துக்குள்ளேயே, ஒரு லொறி கராஜின் பின்சுவரை ஒட்டி யாரோ ஒரு காலத்தில் சாமான் அடுக்கக் கட்டிய நீளக் கட்டடம். அதைப் பதினாறு அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். தண்ணீருக்கு ஒரே பைப். ஆண்கள் லொறிகளுக்கு மூட்டை ஏற்றினார்கள், நகரசபைக்காகத் தெருக் கூட்டினார்கள். பெண்கள் ஸ்டோர்களில் கொக்கோவும் மிளகும் பொறுக்கப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் விலாசம் கேட்டால் நான் பெரிய தெருவின் பெயரைச் சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். அண்ணன் மட்டும் கராஜ் லயம் என்று முழுவதையும் சொல்லுவான்.

காரணம் அவனுடைய தமிழ் மாஸ்டர்தான். ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். வகுப்பு முழுவதும் மலையையும் ஆற்றையும் தேர்த் திருவிழாவையும் எழுதிக் கொடுத்துவிட்டது. அண்ணனும் அதைத்தான் எழுதினான். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தவன், “நம்ம இடத்தப் பத்தி யாரு எழுதுறது?” என்று அம்மாவிடம் கேட்டான். அம்மா பைப்படியில் வாளிக்கு இடம்பிடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். “எழுதுறதுக்கு இங்க என்னா இருக்கு?” என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பத்திரிகை வந்தது. எழுதுகிற பெரிய கொப்பி ஒன்று, ஒரே பிரதி. ஆசிரியர் அண்ணன். படம் வரைந்தவன் நிஸாம், அண்ணனோடு படித்தவன். முனையிலிருந்த தேநீர்க்கடைக்காரரின் மகன். எங்கள் லயத்தில் அவன் குடியிருக்கவில்லை என்றாலும் லயத்தில் யார் சீனி குறைத்துக் குடிப்பார்கள், யார் பிளேன்டீயோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் தங்கச்சியான நான். எனக்குப் பன்னிரண்டு வயது. எழுத்து அழகாக இருக்கும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் பென்சிலில் கிறுக்கியதையெல்லாம் நான் மையால் பார்த்தெழுத வேண்டும். முதல் பக்கத்தில் அண்ணன் சொல்லி, சிவப்பு மையில் எழுதினேன்: ‘இதில் எழுதப்பட்டிருப்பவை யாவும் உண்மை.’

உண்மையை எழுதுவது எவ்வளவு தொல்லை என்று முதல் இதழிலேயே தெரிந்துபோயிற்று. பைப்படியில் இரண்டு பெண்கள் வாளியால் அடித்துக்கொண்டதை அண்ணன் உள்ளபடி எழுதியிருந்தான். இரண்டு பேருமே தனித்தனியாக வந்து, தான் முதலில் அடிக்கவில்லை என்று திருத்தம் போடச் சொன்னார்கள். கடைசி அறையிலிருந்த மூட்டைக்காரர் ஒருவர், தன்னைப் பற்றி எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, தான் குடிப்பதை நிறுத்திவிட்டதாக மட்டும் ஒரு வரி போடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நிறுத்தினால் போடுகிறோம் என்றான் அண்ணன். அவர் ஒரு வாரம் நிறுத்தியும் பார்த்தார்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டினேன். தங்கள் பெயர் வரும் இடத்தில் அவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதியது நான்தான் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொள்வேன்.

மூன்றாவது இதழுக்கு அண்ணன் வைத்த தலைப்பு, ‘நாம் எங்கிருந்து வந்தோம்?’ இதில்தான் வினை வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் லயம் முழுவதும் கச்சேரியிலிருந்து, அதாவது அரசாங்கக் கந்தோரிலிருந்து, வரவேண்டிய கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எங்கள் மக்களில் இத்தனை பேரை இங்கே வைத்துக்கொள்வது, இத்தனை பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்தன. யார் இங்கே, யார் அங்கே என்பது கடிதம் வந்தால்தான் தெரியும். எல்லோரும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்கள். இதெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் விஷயமாக எங்கள் காதில் விழுந்ததே தவிர, எங்கள் கொப்பிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

கேட்கப் போன வீட்டிலெல்லாம் ஒரே பதில். “இங்கதான் பொறந்தோம்னு எழுதிக்க.” ஆணும் பெண்ணும் கிழவரும் அதையே, மனப்பாடம் செய்தமாதிரி, ஒரு சொல் மாறாமல் சொன்னார்கள். சிலர் கதவைக்கூட முழுசாகத் திறக்கவில்லை.

“எல்லாரும் ஒண்ணையே சொல்றாங்களேடா, இத வச்சு என்னாத்த எழுதுறது?” என்று அண்ணன் சலித்துக்கொண்டான்.

“ஆக்கள் என்னமோ பயப்படுறாங்க போல,” என்றான் நிஸாம். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

கடைசியாகச் சித்தியிடம் போனோம். அப்பாவின் தம்பியைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு அடுத்த அறையில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அன்று ஸ்டோர் இல்லை. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் வழக்கமான கேள்வியை, பதில் தெரிந்ததுபோலச் சலிப்போடு கேட்டான்.

சித்தி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எனக்கு அக்கரை,” என்றாள். அக்கரை என்றால் இந்தியா.

பிறகு அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். வறண்ட ஒரு ஊர். அங்கே கிணற்றில் இறங்கிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டது. கங்காணி ஒருவன் வந்து ஆட்களைக் கூட்டிப்போனது. கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கேம்பில் வரிசையாக நிறுத்தி மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டியது. கப்பலில் எல்லோரும் வாந்தி எடுத்தது. தலைமன்னாரில் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. பிறகு ரயில், பிறகு எல்கடுவைத் தோட்டம் வரைக்கும் மலையேற்றம். அப்போது அவளுக்கு ஆறோ ஏழோ வயது. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள்.

“எழுதுறியா?”

“ஆமா சித்தி.”

“சரி, எழுது,” என்றாள்.

மூன்று இதழ்களிலும் அதுதான் நல்ல பக்கம் என்று அண்ணன் சொன்னான். நிஸாம் கப்பலை வரைந்தான். கடலை அவன் பார்த்ததில்லை. ஆனாலும் அலையெல்லாம் நன்றாக வந்திருந்தது. சித்தியின் கதையை அண்ணன் கொஞ்சம் கோத்துக் கொடுக்க, நான் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் பார்த்தெழுதினேன். மை காய்ந்த மறுநாளே தமிழ் மாஸ்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் வைக்கவேண்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். லயத்தில் யாருக்கும் வாசித்துக் காட்ட நேரம் இருக்கவில்லை.

கண்காட்சி அன்று முற்பகல் நான் வீட்டில் இருந்தேன். சித்தப்பா வேலையை விட்டுவிட்டு, தலையில் போட்டிருந்த சாக்கைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார். தேநீர்க்கடையில் யாரோ, “ஒங்க வீட்டம்மா கப்பல்ல வந்த கதைய ஸ்கூல்ல படத்தோட வச்சிருக்காங்களே,” என்று பாராட்டிச் சொல்லியிருக்கிறார்கள். கண்காட்சியைத் திறந்துவைக்க அன்று கச்சேரியிலிருந்து ஒரு துரை வருகிறார் என்பதும் அதே கடையில் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு விஷயம் சொன்னார்கள். மனுவில் சித்தி எல்கடுவையில் பிறந்தவள் என்று எழுதியிருந்தது. அக்கரையில் பிறந்தவள் என்று தெரிந்தால் மனு போய்விடும், சித்தி மட்டுமல்ல, சித்தப்பாவும் சின்னப் பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து கப்பல் ஏறவேண்டிவரும் என்றார் சித்தப்பா. அவர் சத்தம் போடவில்லை.

“நான் போனா நல்லாருக்காது. நீ ஓடு. எப்பிடியாச்சும் அந்தக் கொப்பிய எடுத்துக்கிட்டு வந்திரு.”

சித்தி சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். “நீ ஏன் சொன்ன?” என்று சித்தப்பா அவளைக் கேட்டார். “வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலியா?”

“கேட்டாங்க, சொன்னேன்,” என்றாள் சித்தி.

நான் ஓடினேன். மண்டபத்துக்குள் போனபோது கச்சேரித் துரை எங்கள் மேசைக்கு முன்னால்தான் நின்றார். வெள்ளைக் காற்சட்டை, மூக்குக் கண்ணாடி. தமிழ் மாஸ்டர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். கொப்பி துரையின் கையில் இருந்தது. அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கப்பலிடம் வந்து நின்றுவிட்டார். அண்ணனும் நிஸாமும் மேசைக்குப் பின்னால் விறைப்பாக நின்றார்கள். அண்ணன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கப்பல் படத்தில் விரலை வைத்து, இது யார் என்று துரை சிங்களத்தில் கேட்டார். கப்பலின் ஓரத்தில் நிஸாம் ஒரு சின்னப் பெண்ணை வரைந்திருந்தான்.

அண்ணன் வாயைத் திறந்தான். நான் கூட்டத்துக்குள் புகுந்து, மூச்சு வாங்க, “கதாவக் சேர்,” என்றேன். கதை சேர். “எங்க அண்ணன் மனசால கட்டின கதை,” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. “இல்ல சேர், கதையில்ல, எல்லாம் உண்மை! மொதல் பக்கத்திலேயே எழுதியிருக்கோம், பாருங்க,” என்று அவன் தமிழிலேயே சொல்லிவிட்டான். நான் மேசைக்கு அடியால் எட்டி அவன் காலை மிதித்தேன். செருப்பில்லாத கால். அவன் என்னைப் பார்த்தான். என் முகத்தில் எதைக் கண்டானோ, பேச்சை நிறுத்திக்கொண்டான்.

துரை முதல் பக்கத்தைத் திருப்பிச் சிவப்பு மையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், வியர்வையைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா, தெரியாதா என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. “ஹொந்த கதாவக்,” நல்ல கதை, என்று சொல்லிவிட்டுக் கொப்பியை மூடி மேசையில் வைத்தார். அடுத்த மேசையில் பிள்ளைகள் களிமண்ணில் குளம் செய்துவைத்திருந்தார்கள். அங்கே போய்விட்டார்.

அந்த மனிதரால் ஒரு கெடுதலும் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் கழித்துச் சித்தப்பா குடும்பத்துக்கு இங்கேயே இருக்கலாம் என்று கடிதம் வந்தது. பைப்படியில் முதலில் அடிக்காத அந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு வரவில்லை. அவள் வாளியை மற்றவளிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினாள். ஆனால் கண்காட்சி அன்று இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?

மண்டபத்துக்கு வெளியே வைத்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கொப்பியைத் திறந்து கப்பல் பக்கத்தை எடுத்தான். பிறகு, “அந்தப் பக்கத்த நீயே கிழி. என்னால முடியாது,” என்று கொப்பியை என்னிடம் நீட்டினான். நான் ஓரம் பிசிறில்லாமல் கிழித்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். அதற்குப் பிறகு நான்காவது இதழ் வரவில்லை.

நான் போனபோது சித்தப்பா வேலைக்குத் திரும்பியிருந்தார். தான் வருவதற்குள் அதை அடுப்பில் போட்டுவிடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சித்தி சோற்றை வடித்துவிட்டு, விறகை வெளியே இழுக்காமல் வைத்திருந்தாள். நான் தாளைக் கொடுத்தேன். அதை விரித்துக் கப்பலைப் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“ஒருக்கா படி.”

படித்தேன். கிணறு, கங்காணி, மருந்துத் தண்ணீர், எல்லாவற்றையும் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். ‘தலைமன்னாரில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்’ என்ற இடத்தில், “நில்லு,” என்றாள்.

“அம்மான்னா எழுதியிருக்கு?”

“ஆமா. கையப் புடிச்சுக்கிட்டுன்னு சொன்னீங்களே.”

“கையப் புடிச்சேன். அம்மா கை இல்ல. அத்தை கை. அம்மாவுக்குக் காய்ச்சல்னு கேம்பிலயே நிறுத்திட்டாங்க. பொறவு வருவான்னு சொல்லித்தான் என்னைய ஏத்துனாங்க.”

“வந்தாங்களா?”

சித்தி தாளைத் தொட்டுக் காட்டினாள். “அத மாத்திரு,” என்றாள்.

“அடுப்புல போடப் போறோமே சித்தி.”

“போடுவோம். மொதல்ல மாத்து.”

எங்கள் அறைக்குப் போய்ப் பேனையை எடுத்துவந்தேன். ‘அம்மாவின்’ என்பதைக் கோடு போட்டு அடித்து, அதற்கு மேலே ‘அத்தையின்’ என்று எழுதினேன். எது அந்தச் சொல் என்று கேட்டாள். காட்டினேன். ஈரத்தில் கை வைக்காதீர்கள் என்று நான் சொல்ல, மை காயும்வரைக்கும் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தானே அடுப்பில் வைத்தாள். தாள் சுருண்டு, படம் முதலில் கறுத்தது.

நான் பேனையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு மனம் ஆறவேயில்லை. மூன்று இதழ்களிலும் ஒரு பிழைகூட இல்லாமல் எழுதியவள் நான். கடைசியில், அதுவும் எரிந்துபோகிற ஒரு தாளில், என்னை அடித்து எழுத வைத்துவிட்டாளே என்று சித்தி மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.