அம்மா கொஞ்சம் தள்ளி இருக்கணும்

எங்கள் மகனுக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. அழுதால் அவன் அடிவயிற்றோரம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் எழும்பும். அழுகை நின்றால் அடங்கிவிடும். டாக்டர் அதை ஒரு விரலால் மெல்ல உள்ளே தள்ளிக் காட்டி, சின்ன ஆபரேஷன்தான், காலையில் வந்தால் மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். போனில் விசாரித்த சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். பிள்ளையே என் கை நீளம்தான் இருக்கிறான், அவனுக்கு எது சின்னது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மயக்க மருந்து கொடுக்கும் அறைக்குள் பெற்றோரில் ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண் மூடுவதற்கு முன்னால் அவன் கடைசியாகப் பார்க்கும் முகம் என்னுடையதாக இருக்க வேண்டும். அதை வீட்டில் அறிவித்தபோது என் கணவர் மறுபேச்சுப் பேசவில்லை. பேசவும் முடியாது. அவர் தூக்கினால் பிள்ளை அழுவான். அதுவரை எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் சில மணி நேரம் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது. விடியற்காலையில் கடைசியாகக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏழரை மணிக்கெல்லாம் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் கழுத்தை முகர்ந்தான், சட்டையைப் பிடித்து இழுத்தான், பிறகு வார்டையே கூட்டிவிட்டான். நான் தட்டிக்கொடுக்கக் கொடுக்க இன்னும் வீறிட்டான்.

எல்லைக்கு அந்தப்பக்கம் ஜொகூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் தமிழ் நர்ஸ் ஒருவர் எங்களிடம் வந்தார். "அக்கா, உங்க மேல பால் வாசம் லா. நீங்க தூக்கினா அவன் எப்படிச் சும்மா இருப்பான்? அம்மா கொஞ்சம் தள்ளி இருக்கணும். அப்பாகிட்ட குடுத்துட்டு, வெளிய போய் ஏதாச்சும் சாப்பிட்டு வாங்க. உங்க டர்ன் வர இன்னும் நேரம் இருக்கு."

"அவர்கிட்ட இருக்க மாட்டான்," என்றேன்.

"குடுத்துத்தான் பாப்போமே," என்றார்.

கொடுத்தேன். என் கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் நடந்தார். அவருக்குத் தாலாட்டு எதுவும் தெரியாது. தெரிந்ததை ராகமாக இழுத்தார்: "லிட்டில் இந்தியாஆ... ஃபேரர் பார்க்... பூன் கெங்... போத்தோங் பாசிர்..." தினமும் அவர் வேலைக்குப் போகும் ரயில் நிற்கும் நிலையங்கள் அவை. ஹவ்காங் வருவதற்குள் பிள்ளையின் அழுகை விசும்பலாகிவிட்டது. மனிதர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, புது ரயில் பாதையையே அவர் கையால் போட்டுத் திறந்து வைத்ததைப் போல இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வயிற்றெரிச்சலாக இருந்தது.

பக்கத்தில்தானே தேக்கா சந்தை என்று நடந்தேன். பிள்ளை பட்டினி கிடக்கும்போது நானும் பச்சைத்தண்ணீர் குடிப்பதில்லை என்று காலையில் ஒரு வைராக்கியம் எடுத்திருந்தேன். பஃபலோ ரோட்டில் பூக்கடைகளைத் தாண்டும்வரை அது உறுதியாக இருந்தது. வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக்கடையில் நெய்த்தோசை வாசனை வந்ததும், பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கலாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பரிமாறுகிற அண்ணன் என் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். "பிள்ள எங்கம்மா?"

"அவங்க அப்பாகிட்ட இருக்கான்."

"அய்யோ பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனாலும் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

தோசையில் பாதி உள்ளே போயிருக்கும். பின் மேசையில் யாருடைய குழந்தையோ பசித்து அழுதது. அவ்வளவுதான், என் சட்டையின் முன்புறம் நனைந்துவிட்டது. சொந்தப் பிள்ளை பட்டினி கிடக்க, ஊரார் பிள்ளைக்கு இந்த உடம்பு பந்தி வைக்கப் பார்க்கிறது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"நமக்கு முன்னாடி இருந்த பிள்ளைக்குச் சளியாம், இன்னிக்கு வேணாம்னுட்டாங்க," என்றார் கணவர். "நம்மளக் கூப்பிடுறாங்க. எங்க இருக்க?"

பாதித் தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கைப்பையை நெஞ்சில் பிடித்தபடி ஒரு பெண் ஓடினால் யாரும் அவளைத்தான் திருடி என்று நினைப்பார்கள். சிராங்கூன் ரோட்டில் சாலை கடக்கும் விளக்கு பச்சையாக மாறவே மாட்டேன் என்றது. காத்திருந்த நேரத்தில் எல்லாச் சாமிக்கும் ஏதாவது ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டேன். யாருக்கு என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் பகுதியின் கதவருகே கணவர் நின்றிருந்தார். சட்டைக்கு மேல் நீல நிற அங்கி, தலையில் தொப்பி. தோளில் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா, இந்தா," என்று கிசுகிசுத்து அவனைத் தோளிலிருந்து எடுக்கப் போனார். அவர் கெட்டிக்காரத்தனமெல்லாம் போய் முகம் வெளுத்திருந்தது.

நான் இரண்டு கையையும் நீட்டினேன். பிள்ளையின் மூக்கு லேசாகச் சுருங்கியது. இன்னும் ஓரடி நெருங்கினால் விழித்துக்கொள்வான். என்னிடம் பால் கேட்பான். நான் தர மாட்டேன். அழுதுகொண்டே உள்ளே போவான். அவன் கடைசியாகப் பார்க்கும் முகம், பால் இல்லை என்று சொன்ன முகமாக இருக்கும். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"நீங்களே போங்க," என்றேன்.

அந்த நர்ஸும் அவர்களோடு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. என் பிள்ளையின் குதிகாலைக்கூட நான் தொடவில்லை.

சற்று நேரத்தில் கணவர் தனியாகத் திரும்பி வந்தார். பிள்ளையைத் தூக்கியிருந்த விதத்திலேயே கைகள் இன்னும் மடங்கியிருந்தன. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 

"அழுதானா?" என்றேன்.

"இல்ல." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மாஸ்க் வைக்கிறதுக்கு முன்னாடி முழிச்சான். சுத்தி எல்லாரையும் பாத்தான். உன்னத்தான் தேடினான்."

"உங்களப் பாத்தானா?"

"பாத்தான். நான் பத்தல அவனுக்கு."

என் மனசு கரைந்துவிட்டது. அவ்வளவு பயத்துக்கு நடுவிலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பாவம், அவரையும் ஒருநாள் தேடுவான் என்று ஆறுதல்கூடச் சொன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியும் அறைக்கு எங்களைக் கூப்பிட்டபோது மகனின் குரல் எங்களுக்கு முன்பே வாசல்வரை வந்திருந்தது. இப்போது பால் கொடுக்கலாம் என்றார்கள். அவன் என்னைப் பிடித்துக்கொண்ட வேகத்தில்தான் எனக்கு மூச்சே வந்தது. அடிவயிற்றில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. டாக்டர் சொன்னதுபோல அது மட்டும் உண்மையிலேயே சின்னதுதான்.

நர்ஸ் அவன் காலில் மாட்டியிருந்த வயரைச் சரிசெய்தார். "தங்கமான பிள்ளக்கா இவன். அப்பா தோள்ல தூங்கினவன்தான், மாஸ்க் வச்சப்பக்கூடக் கண்ணே தொறக்கல. நாங்கல்லாம் சிரிச்சுட்டோம்."

நான் கணவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த, கை கழுவும் முறை பற்றிய விளக்கப் படத்தை, பரீட்சைக்குப் படிப்பவரைப் போல உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

 குனிந்து பிள்ளையின் தலையைத் தடவினேன். கண்ணீர் சொட்டுச் சொட்டாக அவன் முடியில் விழுந்தது.

"என்னக்கா, கடிச்சுட்டானா?" என்றார் நர்ஸ்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவனுக்கு அப்போது ஒரு பல்கூட முளைத்திருக்கவில்லை.