செ. அம்மு

அரை விரல் நீளத்துக்கு வெட்டிய வெள்ளை நாடா. பாவாடைக்குக் கோர்ப்பார்களே, அந்த நாடாதான். அதன் மேல் நீல மார்க்கரில் ‘செ. அம்மு’ என்று எழுதியிருந்தது. ‘மு’வின் வால் நாடாவுக்கு வெளியே ஓடப் பார்த்து, இடமில்லாமல் மடங்கி நின்றிருந்தது. அப்படி முப்பத்தொரு துண்டுகள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், செம்பூரில் எங்கள் வீட்டுக் கட்டில் மேல் பரப்பிக் கிடந்த என் மகளின் உடுப்புகள் ஒவ்வொன்றிலும் அதைத் தைத்திருந்தது. சட்டைக் கழுத்தில், அரை டிராயரின் இடுப்பில், துண்டின் மூலையில், ஒவ்வொரு சாக்ஸின் விளிம்பிலும். டார்ச்சின் கைப்பிடியில்கூட ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்னத் தையல். பார்த்தவுடன் எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், இதுதான் சரியாக வருகிறது.

தைத்தவர் செல்லம்மா. அம்முவுக்கு ஆறு மாதம் ஆனபோது நான் வங்கி வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். தாராவியில் வீடு, சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். வளர்ந்த மகன்கள் இரண்டு பேர், இருவரும் தனிக்குடித்தனம். காலை எட்டு மணிக்கு வந்தால், சாயங்காலம் ஏழு மணிக்கு நான் வந்து செருப்பைக் கழற்றும் வரை இருப்பார். ஆயா என்று கூப்பிடச் சொல்லி அம்முவைப் பழக்கப் பார்த்தேன். அக்கா என்றும் சொல்லிப் பார்த்தேன். அவள் செல்லம்மா என்றே கூப்பிட்டாள். அந்தப் பெயருக்குள் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பது எனக்கு மட்டும்தான் உறுத்தியது போலிருக்கிறது. என் கணவர் ஹரிஹரனிடம் சொன்னபோது, “பேரை மாத்திக்கச் சொல்லவா?” என்று கேட்டுச் சிரித்தார். அவருக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

என் பொறாமை ஒரே நாளில் வந்ததல்ல. மற்ற வீடுகளில் அம்மா வந்தால் குழந்தைகள் ஓடி வருமாமே, ஏழு மணிக்கு நான் கதவைத் திறந்தால் அம்மு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வாள். நான் வந்துவிட்டேன் என்றால் செல்லம்மா கிளம்பப் போகிறார் என்று அவளுக்குக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை நான் குளிப்பாட்டினால், “செல்லம்மா கண்ணுல சோப்பு விட மாட்டா” என்பாள். மாதுங்காவில் பிறந்து வளர்ந்த எனக்கு, நாலு தலைமுறையாகப் பாலக்காட்டுத் தமிழ் பேசும் குடும்பத்தில் வந்த எனக்கு, என் மகள் “ஏம்மா ஏசுத? நான்தான் வாரேன்னு சொல்லுதேன்ல” என்று திருநெல்வேலிப் பேச்சில் பதில் சொன்னாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ரசித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

தமிழ் எழுத்தும் அப்படித்தான் போயிற்று. எனக்குத் தமிழ் படிக்க வரும், கிங்ஸ் சர்க்கிள் கடையில் அம்மா வாங்கிய வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டது. இங்கே வளரும் பிள்ளைகள் பலருக்கு அது வராது. அம்முவுக்கு நானே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசை. லீவு போடும்போது, பதவி உயர்வுப் பரீட்சை முடியட்டும், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் குளியலறைக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில் ‘அம்மு’ என்று விரலால் எழுதிக் காட்டினாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட செல்லம்மா, பருப்பு வேகிற நேரத்தில் சொல்லிக்கொடுத்து முடித்திருந்தார். நான் கையைத் தட்டினேன். தட்டிய கையால் கண்ணாடியைத் துடைத்தும் விட்டேன், முகம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு.

அந்த வருஷம் மே மாதத்தில் அம்முவை முதல்முறையாக ஐந்து நாள் கோடை முகாமுக்கு அனுப்ப முடிவு செய்தோம். கர்ஜத் பக்கம் ஒரு மலையடிவாரத்தில். அவளுக்கு ஏழு வயது. முகாமிலிருந்து வந்த கடிதத்தில் எடுத்துப்போக வேண்டிய சாமான்களின் பட்டியல் இருந்தது. கீழே தடித்த எழுத்தில், ஒவ்வொரு சாக்ஸ் உட்பட எல்லாப் பொருளிலும் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும், பெயரில்லாத பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது ஒன்றையாவது நான் செய்வேன் என்று நினைத்தேன். ‘வர்ஷா ஹரிஹரன்’ என்று அவளுடைய பள்ளிக்கூடப் பெயரை அச்சடித்து, பக்கத்தில் ஒரு பட்டாம்பூச்சியும் போட்டு, ஸ்டிக்கர் லேபிள்களை ஆன்லைனில் வரவழைத்தேன். துணியில் வைத்துத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளுமாம். சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு வருவது, நானும் அம்முவும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டுவது, பூரி செய்து சாப்பிடுவது. இதுதான் என் திட்டம். ஒரு வாரமாக ஆபீசில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்து பார்த்தால் கட்டில் மேல் எல்லாம் முடிந்து அடுக்கியிருந்தது. “நான் எழுதினேன், செல்லம்மா தைச்சா, ரெண்டு நாள் ஆச்சு தெரியுமா” என்று அம்மு குதித்தாள். என் கைப்பையில் பட்டாம்பூச்சிகள் இருந்தன.

அதற்கப்புறம்தான் அந்த எழுத்தைக் கவனித்தேன். ‘அம்மு’ சரி, முன்னால் ‘செ’ எதற்கு? தமிழர்களுக்கு இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதலெழுத்து. ஹரிஹரனுக்கு ‘ஹ’ போட வேண்டும். யார் பிள்ளை என்று சொல்லும் எழுத்து அது. அந்த இடத்தில் ‘செ’ இருந்தது. முப்பத்தொரு தடவை இருந்தது. அம்முவைப் பக்கத்து அறைக்கு விளையாட அனுப்பிவிட்டுச் செல்லம்மாவை உள்ளே கூப்பிட்டேன். ஒரு சாக்ஸை எடுத்து நீட்டினேன்.

“இந்த ‘செ’ யாரு?”

அவர் சாக்ஸை வாங்கிப் பார்த்தார்.

“கேக்கறேனே. யாரோட குழந்தைன்னு நினைச்சிண்டிருக்கேள்?” என் குரல் ஏறிவிட்டது. “இத்தனை நாள் ஒண்ணும் சொல்லலைங்கறதுக்காக உங்க பேரையே போட்டுடறதா?”

அவர் கட்டைவிரலால் அந்த நாடாவைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பயமோ வருத்தமோ இல்லாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று முடிவு கட்டினேன். அம்முவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்கத்து அறையில்தான் இருந்தாள். கேட்கவில்லை. ‘செ’ன்னா செல்லம்மா என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

அன்று சாயங்காலமே ஒரு பிளேடை எடுத்து முப்பதையும் பிரித்தேன், டார்ச்சில் கட்டியிருந்ததை வெட்டினேன். லேசில் வருகிற தையலில்லை அது. இரண்டு சட்டையில் துணியும் சேர்ந்து கிழிந்தது. “கேம்ப்ல தமிழ் யாருக்குப் படிக்க வரும்? இங்கிலீஷ்ல இருந்தாத்தான் குடுப்பா” என்று அம்முவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “தமிழ் அலவ்ட் இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். நான் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிப் பட்டாம்பூச்சிகளை ஒட்டினேன்.

அவள் முகாமில் இருந்த ஐந்து நாட்களுக்குள் செல்லம்மாவை நிறுத்திவிட்டேன். பிள்ளை வளர்ந்துவிட்டாள், பள்ளி விட்டதும் டே கேரில் விடப்போகிறோம் என்று காரணம் சொன்னேன். “சரிம்மா” என்றார். அம்மு வந்ததும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். பார்த்தால் பிள்ளை ஏங்கிப்போகும், வேண்டாம் என்றேன். திரும்பி வந்த அம்மு வீடு முழுக்கத் தேடிவிட்டு, “செல்லம்மா எங்க?” என்றாள். “ஊருக்குப் போயிட்டா” என்று சொன்னேன். யோசிக்காமல் வாயில் வந்த பொய். வந்தபின் அதையே பிடித்துக்கொண்டேன். அவள் பையைப் பிரித்தால், தண்ணீர் பட்டதில் பட்டாம்பூச்சிகள் பாதி உரிந்து போயிருந்தன. துண்டும் மூன்று சாக்ஸும் தொப்பியும் காணோம், யாரோ ஒரு பையனின் பனியன் கூடுதலாக இருந்தது. என் கணவர் வாயைத் திறக்கப் போனார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், நோட்டுகளுக்குப் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டிருந்தோம். அம்மு தன் பென்சில் டப்பாவின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதுவதைப் பார்த்தேன். செ, புள்ளி. கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தேன்.

“ஏண்டி, இந்த ‘செ’ எதுக்கு?” என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“செம்பூர்” என்றாள், தலையைத் தூக்காமல். “ஊர் பேரு ஃபர்ஸ்ட். அப்புறம் அப்பா பேரு. அப்புறம்தான் நம்ம பேரு. செல்லம்மா ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுவா.”

“அப்பா பேரு எங்க?”

“அப்பாக்கு ‘ஹ’ வேணும்ல. செல்லம்மாவுக்கே ‘ஹ’ எழுத வராது. ‘ஷ’வும் வராது. அதான் அம்முன்னு போட்டேன்.”

தெற்கே அப்படி ஊர்ப் பெயரையும் சேர்த்து இரண்டு இனிஷியல் போடும் வழக்கம் உண்டு என்று எனக்குத் தெரியாமலில்லை. செம்பூரை ஒரு சொந்த ஊராக நினைக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு ஊர் என்றால் பாலக்காடு. செல்லம்மாவுக்கு நாங்குநேரி. இந்தப் பிள்ளைக்கு மட்டும் செம்பூர் ஊராக இருந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொல்லி அழைத்து வந்துவிடுவது என்று முடிவோடுதான் போனேன். சந்துக்குள் இரண்டு பேரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னைக் கண்டதும் அவர் பதறி எழுந்தார். “வாங்கம்மா, உள்ள வாங்க. பிள்ள நல்லாருக்கால்லா?” என்றார். நல்லா இருக்கா என்றேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அடுப்பைப் பற்ற வைத்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ‘செ’ என்றால் செம்பூராம், உங்கள் பெயர் இல்லையாம், நான் அவசரப்பட்டுவிட்டேன் என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“செம்பூரா?”

“ஆமா. நீங்கதானே சொல்லிக் குடுத்தேளாம், ஊர்ப் பேரு முதல்லன்னு.”

“ஆமா, நாந்தான் சொன்னேன்” என்றார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார். தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். “எனக்கு அது தோணவே இல்ல பாத்துக்கிடுங்க. தைக்கும்போதே பாத்தேம்மா. பிள்ளகிட்ட கேக்கல. கேட்டா வேற எதாச்சும் சொல்லிருவாளோன்னு இருந்துது. நீங்க அன்னைக்கு சத்தம் போட்டிய, அது எனக்கு காதுலயே ஏறல. பிள்ள நம்ம பேரப் போட்டுருக்காளேன்னுதான் நெனச்சிட்டு நின்னேன்.”

அவர் முகம் வாடியிருந்தது. அதைப் பார்த்து என் மனம் இளகியது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம், நல்ல சந்தோஷம். அம்மு அந்தப் பெயரைப் போடவில்லை, போட்டதாக இவர் நினைத்ததும் பொய்யாகிவிட்டது, அதைச் சொல்ல நானே தேடிக்கொண்டு வந்திருக்கிறேன். அது அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. நான் அத்தனை கடுமையாகப் பேசியும் இந்த அம்மாள் அந்த நாடாவைத் தடவிக்கொண்டு சந்தோஷமாக நின்றிருக்கிறார். இவரைத் திரும்ப வீட்டுக்குள் விட்டால், ஏழு மணிக்கு நான் கதவைத் திறக்கும்போது எனக்கு என்ன மிச்சம் இருக்கும்? டீயைக் குடித்து முடித்தேன். மன்னிப்பைக் கேட்டேன். வந்த காரியத்தைக் கேட்காமலே எழுந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை. “பிள்ளய ஒருநா கூட்டிட்டு வாங்க” என்று மட்டும் சந்து முனை வரை வந்து சொன்னார். ஆகட்டும் என்றேன்.

இப்போது அம்முவுக்குப் பதின்மூன்று வயது. திருநெல்வேலிப் பேச்சு போய்விட்டது. சினேகிதிகளோடு இந்தி, என்னோடு எங்கள் வீட்டுத் தமிழ். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சுற்றுலா அழைத்துப்போகிறார்கள். எல்லாச் சாமானிலும் பெயர் எழுதச் சொல்லிப் பட்டியல் வந்திருக்கிறது. அவளே எழுதிக்கொள்கிறாள், என்னைப் பக்கத்தில் விடுவதில்லை. நேற்று போனில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். திருநெல்வேலியிலிருந்து பஸ் நாங்குநேரி வழியாகத்தான் போகுமாம். டீச்சரிடம் கேட்டுப் பத்து நிமிஷம் இறங்க முடிந்தால் செல்லம்மாவைப் பார்த்துவிடலாமாம்.

“அட்ரஸ் இருக்காம்மா?” என்றாள்.

தெரியாது என்று சொன்னேன். ரொம்ப தூரத்துல இருக்கா, எங்கேன்னு தேடுவே என்றும் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். தாராவிக்கு எங்கள் தெருமுனையிலிருந்தே பஸ் இருக்கிறது. கூட்டம் இல்லாவிட்டால் இருபது நிமிஷம்.