பத்து நாற்பத்தேழுக்குப் பிறந்த பௌர்ணமி

காலை பத்து நாற்பத்தேழுக்கு எங்கள் கல்லூரி சர்வர் அறையின் இரைச்சல் ஒரேயடியாக நின்றது. ஓடிக்கொண்டிருந்த ஆறு கணினிகளும் அணைந்திருந்தன. டியூப்லைட் மட்டும் எரிந்தது. அப்படியானால் கரண்ட் போகவில்லை.

காமேஸ்வரி நாற்காலியிலிருந்து எழுந்து மேசைக்கு ஓடினாள்.

அவள் கோயில் குருக்கள் சோமநாதனின் மகள். எங்கள் கணினிகளுக்கு அவள்தான் பொறுப்பு. நான் லேப் உதவியாளர். கரண்ட் வீணானால் அவளுக்குத் தாங்காது. ஒருநாள் நான் உள்ளே இருக்கும்போதே பாத்ரூம் லைட்டை அணைத்துவிட்டாள். கேட்டால், "சத்தமே வரலியே அக்கா" என்றாள். இந்தக் கொடுமையை நான் சொல்லாத ஆள் கல்லூரியில் இல்லை.

சர்வர் அறையில் இருபது கணினிகளை ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறோம். முன்பெல்லாம் நாலு பேர் வேலை கொடுத்தாலும் இருபதும் ராப்பகலாக ஓடும். காமேஸ்வரி ஒரு புரோகிராம் எழுதினாள். வருகிற வேலைகளைச் சில கணினிகளிலேயே நெருக்கி உட்காரவைத்து, மற்றவற்றை அது அணைத்துவிடும். பௌர்ணமி வந்தால் எல்லாவற்றையும் அணைக்கும். கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊருக்குள் வராது என்பதால், அன்று சாயங்காலம் முதல் கல்லூரிக்கு லீவு.

இப்போது அணைந்த ஆறிலும் ஓடியது செழியனின் கணக்கு. கீழ்பென்னாத்தூர்க்காரன், வேர்க்கடலை இலைநோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். பதினோரு நாளாக ஓடிய கணக்கு இன்று நாலு மணிக்கு முடிய வேண்டும். நாளை மறுநாள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பும் ரத்து. "லீவு சாயந்திரம்தான், அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று அவனுக்கு உறுதி சொன்னவளே காமேஸ்வரிதான்.

"அக்கா, நான்தான் அணைச்சிருக்கேன்" என்று மேசையிலிருந்த தாளைக் காட்டினாள். அவள் அப்பா பஞ்சாங்கம் பார்த்து எழுதிக் கொடுத்த பட்டியல். அவர்கள் வீட்டில் பௌர்ணமி என்றால் திதி பிறக்கும் நிமிடம். அதையே புரோகிராமில் ஏற்றியிருக்கிறாள். போன மாதம் திதி ராத்திரியில் பிறந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இந்த மாதம் காலை பத்து நாற்பத்தேழு.

செழியன் ஓடி வந்தான். "கரண்ட் போயிட்டு வந்துச்சா மேடம்?"

ஆமாம் என்று சொல்லும்படி கண்ணைக் காட்டினேன். எங்கள் ஊரில் அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"இல்லீங்க, என் தப்பு. நான் போட்ட டைம்ல அணைஞ்சிடுச்சு" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "எத்தனை மணிக்கு?"

"பத்து நாற்பத்தேழு."

"அப்போ பத்தரைக்கு மேல பதினேழு நிமிஷந்தான் போச்சு. மறுபடி ஆன் பண்ணுங்க. அரை மணிக்கு ஒருதரம், ஆன வரைக்கும் தானா சேவ் ஆயிடும் மேடம்."

காமேஸ்வரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன உயிர் வந்தது. "உங்க ஊரு கரண்டைப் பார்த்து வந்த புத்தியா?" என்று சிரித்தேன்.

"கரண்டுக்காக இல்லீங்கக்கா." தயங்கினான். "மேடம் பாத்ரூம் லைட்டை அணைச்ச கதைய நீங்க சொன்னீங்களே, அன்னிக்கே தானா சேவ் ஆகுற மாதிரி எழுதிட்டேன்."

காமேஸ்வரி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவசரமாகக் கணினிகளை ஆன் செய்யப் போனேன்.