கருவாட்டுக்கு வந்த சோதனை

ஆதாருக்காக வரிசையில் நின்று கண்ணையும் கைரேகையையும் கொடுத்துவிட்டு வந்த வருடம் அது. அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. கட்டிக் கொடுத்த சோற்றை யாரோ திறந்து பார்த்தபோதுதான் வந்தது.

எங்கோ வடக்கே குண்டு வெடித்ததாக டிவியில் ஓடியது. அடுத்த வாரமே நெய்வேலியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த சுரங்கத்தின் வாசலில் ஒரு மேசையைப் போட்டார்கள். தலைக்கு மேல் புதுக் கேமரா. முதல் ஷிப்டுக்குப் போகிற எல்லோரும் டிபன் கேரியரைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அன்றைக்கு நான் கட்டிக் கொடுத்தது கருவாட்டுக் குழம்பு. அவருக்கு அது என்றால் உயிர். மூடி திறந்ததும் வடக்கத்திக்கார செக்யூரிட்டி மூக்கைப் பொத்தினாராம், வரிசையே சிரித்ததாம். "இனிமே கருவாடு கட்டாத" என்று வந்து சொன்னார். யாரும் தடை போடவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்கே அவருக்குப் பிடித்தது கேரியரை விட்டுப் போய்விட்டது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் சமையலைப் பார்த்தா சிரிப்பு? விடிவதற்குள் எழுந்து தக்காளி சாதம், பண்ருட்டி முந்திரி போட்ட புலாவ் என்று அடுக்க ஆரம்பித்தேன். செக்யூரிட்டி "அச்சா" என்று தலையாட்டியதாகக் கேள்விப்பட்ட நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பின் தினமும், இவர் ஷிப்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவேன், "இன்னிக்கு என்னங்க சொன்னாரு?"

ஒருநாள் இவர் சிரித்தார். "தொறந்து பாத்தவரு என்ன சொன்னாருன்னு தெனம் கேக்குற. துன்னவன் இங்கதான் நின்னுகினு இருக்கேன்."

சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. மறுநாள் வாளைக் கருவாடு, கத்தரிக்காய் போட்டு, மேல் அடுக்கிலேயே வைத்தேன்.

"வேணாம்டி."

"குண்டு இருக்கான்னுதானே பாக்குறாங்க? நல்லா பாக்கட்டும்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அவர் ஏறிய பஸ் போனதும் வாசலுக்கும் அடுப்படிக்குமாய் நடந்துகொண்டிருந்தேன். மறுபடி சிரித்தால் மனுஷன் தலைகுனிந்து நிற்பாரே.

குனியவில்லையாம். மூடி திறந்த நொடியில் பின்னால் நின்ற காண்ட்ராக்ட் தொழிலாளி கத்தினாராம்: "அண்ணே, எனக்கு ரெண்டு துண்டு வையுங்க! நானும் வெக்கப்பட்டுகினு மாசக்கணக்கா கொண்டாரல!" அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்களாம். இவர் நடித்துக் காட்டிய அழகில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்த வாரம் வரிசை முழுக்கக் கருவாட்டு வாசம். பாவம், செக்யூரிட்டி நாலாவது கேரியரிலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டு, மூடிகளைத் தடியால் ஒரு தட்டுத் தட்டி, "போ, போ" என்று அனுப்ப ஆரம்பித்தாராம்.

திறக்காமலே கேரியர் உள்ளே போன அன்று, இவர் வந்ததும் நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்:

"இன்னிக்குத்தான் நம்ம வூட்டுச் சோறு துன்ன மாதிரி இருந்துச்சு."