பூட்டுப் படம் போட்ட பார்லர்

தப்பு என்னுடையதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நெல்லித்தோப்பில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். டீக்கடையில் போய் நின்றால் "வாய்யா பூட்டு" என்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக ஃப்ளெக்ஸ் அடிக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எத்தனையோ அடித்திருக்கிறேன். வெற்றிவேல் என்றால் அதெல்லாம் ஒருத்தனுக்கும் ஞாபகம் வருவதில்லை. கண்ணகி அக்கா கடைப் போர்டுதான் ஞாபகம் வருகிறது.

அக்கா காலாப்பட்டுப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். நெல்லித்தோப்பில் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் போன பிறகு டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருஷம் இருந்தார். கீழே விழுந்த முடியைக் கூட்டுவார், வருகிறவர்களின் தலையில் சிக்கெடுப்பார். கத்தரிக்கோலை மட்டும் முதலாளி சிவசங்கரி மேடம் தொடவிடவில்லை. அக்கா பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, தெருப் பெண்களின் தலையில் பழகிக்கொண்டார். ஒரு நாள், தனியாகக் கடை போடப் போகிறேன் என்று மேடத்திடம் சொன்னார்.

"முடி கூட்றவ நீ. முடி வெட்ட உன்னால முடியாது. மூணு மாசத்துல என் வாசல்ல வந்து நிப்ப" என்றாராம் மேடம்.

இதையெல்லாம் அக்கா பிறகு என்னிடம் சொன்னதுதான். செத்தாலும் அந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்றும் சொன்னார். அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு பாவத்தைக் கட்டிக்கொண்டிருக்கமாட்டேன்.

கடைக்குப் பெயர் தேடியது மகள் சங்கவி. காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறது. ஹேர் என்ற பெயரில் ஊரெல்லாம் கடை இருக்கிறது, அதே அர்த்தத்தில் வேறு சொல் பார்க்கலாம் என்றதாம். 'மாப்' என்றால் அடர்ந்த தலைமுடி என்றது. அது வீடு துடைக்கிற குச்சி, பதினாறு வருஷம் அதைத்தானே பிடித்தேன் என்று அக்கா தள்ளிவிட்டார். 'மேன்' என்றால் குதிரையின் பிடரி முடி என்றது. பொம்பளைங்க வருகிற கடைக்கு மேன் என்று பெயரா? 'ஷாக்' என்றாலும் பரட்டைத் தலைதானாம். ஷாக் அடிக்கிற கடைக்கு எவ வருவா என்று அக்கா கேட்டார். கடைசியில் மிஞ்சியது 'லாக்'. சுருண்டு விழுகிற கூந்தல் கற்றைக்கு அப்படி ஒரு பெயராம். கண்ணகி லாக்ஸ் என்று தாயும் மகளும் முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்கு வந்தது ஒரு வாய்ஸ் மெசேஜ். கண்ணகி லாக்ஸ், நெல்லித்தோப்பு, நல்ல படமாகப் போட்டு அடி, வெள்ளிக்கிழமை காலையில் திறப்பு. அவ்வளவுதான். லாக் என்றால் பூட்டு, இது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு பொம்பளை துணிந்து பூட்டுக் கடை போடுகிறாரே என்று மெச்சிக்கொண்டு, தங்க நிறத்தில் பெரிய பூட்டும் கொத்துச் சாவியும் போட்டேன். கேட்காமலே 'எல்லா விதமான பூட்டுகளுக்கும்' என்று கீழே ஒரு வரி வேறு சேர்த்தேன். அந்த வரிக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

நல்ல நேரம் முடியக் கால் மணி இருக்கும்போது கொண்டுபோய்க் கட்டினேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். சங்கவி முகத்தைப் பொத்திக்கொண்டது. வேறு போர்டுக்கு எங்கே போவது? அதற்குக் கீழேயே தேங்காய் உடைத்தார்கள்.

அடுத்த ஒரு மாதம் வந்ததெல்லாம் ஆம்பளைகள். சைக்கிள் பூட்டு, ஷட்டர் பூட்டு, சாவி தொலைந்த சூட்கேஸ். பெண்கள் போர்டைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். மாற்றித் தருகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மெஷின் ரிப்பேர், அது சரியானால் முகூர்த்த சீசன். எரிச்சல் அக்காவுக்கு மட்டுமில்லை, எனக்கும்தான்.

ஒருவழியாக நேரம் கிடைத்தபோது, இனி இங்கிலீஷே வேண்டாம் என்று ரிட்டையர்டு தமிழ் வாத்தியார் ராமலிங்கம் ஐயாவிடம் போய்க் கேட்டேன். முடி என்றால் 'தீர்த்துவிடு' என்றும் பொருள் வரும், புதிதாகத் திறக்கிற கடைக்கு ஆகாது என்றார். மயிர்தான் பழைய சொல், சுத்தமான சொல், அதையே போடு என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று 'கண்ணகி மகளிர் மயிர் அலங்காரம்' என்று அடித்துக் கட்டிவிட்டு வந்தேன். தெருவே சிரித்தது. உங்கள் வீட்டம்மாவை அந்தக் கடைக்கு அனுப்புவீர்களா என்று ஐயாவிடம் பிறகு கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

அக்கா ஸ்டூல் போட்டு ஏறித் தானே அதை அவிழ்த்து, சுருட்டி என் காலடியில் போட்டார்.

"நான் உனக்கு இன்னா தம்பி பாவம் பண்ணேன்? பதினாறு வருசம் அடுத்தவ மசுர கூட்னேன். இப்ப என் வாசல்லயே எழுதித் தொங்க வுட்டுட்ட."

இதற்குப் பூட்டே மேல் என்று பழைய போர்டை மறுபடி மாட்டச் சொன்னார். மாட்டினேன்.

இரண்டரை மாதம் ஓடிப்போனது. கூட்டுவதற்கு முடியே விழாத தரையை அக்கா தினமும் கூட்டிக்கொண்டிருந்தார். மேடம் சொன்ன கெடுவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ராஜாங்கம் என்கிற ஆட்டோக்காரர் பீரோ பூட்டோடு வந்தார். பூட்டுக் கடை இல்லை, பார்லர் என்று அக்கா நூறாவது தடவையாகச் சொன்னார். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். இவர் சிரிக்கவில்லை.

"சிக்கெடுப்பியாம்மா?" என்று கேட்டார்.

அவர் மனைவி ஆதிலட்சுமி இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தவர். முடி மொத்தமும் ஒரே கட்டியாகிவிட்டது. அடுத்த வாரம் மகனுக்குக் கல்யாணம். டவுன் பார்லரில் சிவசங்கரி மேடமே பார்த்துவிட்டு, மொட்டைதான் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். மொட்டைத் தலையோடு மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று அந்த அம்மாள் அறையை விட்டே வெளியே வரவில்லை.

மேடத்தின் பெயரைக் கேட்டதும் அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டார். அழைச்சிக்கிட்டு வா என்றார்.

காலையில் உட்கார்ந்தவர்கள் விளக்கு வைக்கும்வரை எழவில்லை. மறுநாளும் அப்படியே. தேங்காய் எண்ணெய், ஒரு ஊசி, பத்து விரல். நான் எட்டிப் பார்த்தபோது அக்கா தலை நிமிராமலே பேசினார். "வலையில சிக்கு வுழுந்தா அறுக்கக் கூடாது தம்பி, அறுத்தா வலை போச்சி. கண்ணு கண்ணா பிரிக்கணும்." காலாப்பட்டில் சின்ன வயசில் வலை பிரித்த கை அது. இரண்டாம் நாள் சாயங்காலம் பின்னலை முன்னால் இழுத்து அந்த அம்மாளின் கையில் கொடுத்தார். ஆதிலட்சுமி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே அழுதார்.

கல்யாண மண்டபத்தில் பொம்பளைகள் மாப்பிள்ளையின் அம்மா தலையைத்தான் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு பார்லரில் உட்கார இடமில்லை.

கெடு முடிய நாலு நாள் இருந்தபோது நான் மூன்றாவது போர்டோடு போனேன். இந்தத் தடவை 'கூந்தல்'. சங்கவியிடம் மூன்று முறை காட்டி ஓகே வாங்கியது. நான் ஸ்டூல் தேடும்போது அக்காவின் போன் அடித்தது. சிவசங்கரி மேடம். பழைய கஸ்டமர் வீட்டுப் பெண், தலை முழுக்கச் சிக்கு, நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"நான் வரல மேடம். அவங்கள இங்க அனுப்புங்க. எந்தக் கடைன்னு கேட்டா, பூட்டுப் படம் போட்ட கடைன்னு சொல்லுங்க."