எட்டாம் மாடிக் குடையும் ஒன்பதாம் மாடி ஓட்டும்

கதவைத் தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை: நாம் எந்த நேரத்தில் மணியடித்தாலும் அந்த வீட்டில் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் வடிகட்டி விற்றவர்கள், காப்புறுதி விற்றவர்கள், நன்கொடை உண்டியலோடு அலைந்தவர்கள் எல்லாரும் என் ரத்த சொந்தங்கள். நான் விற்றது கழிவறை.

தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடி புளோக். அதன் குழாய்களையும் கழிவறைகளையும் உடைத்துப் புதிதாகக் கட்டித் தரத் திட்டம் வந்திருந்தது. வீட்டுக்கு ஒரு ஓட்டு. முக்கால்வாசி வீடுகள் ‘வேண்டும்’ என்றால்தான் வேலை நடக்கும். அதை வீடு வீடாகப் போய் விளக்குவதுதான் பாலிடெக்னிக் விடுமுறையில் எனக்குக் கிடைத்த வேலை. யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவேன். இந்தத் திறமைக்கு ஏற்ற வேலை என்று துள்ளிக்கொண்டுதான் சேர்ந்தேன். மேலாளர் மிஸ்டர் லிம் முதல் நாளே துள்ளலை அடக்கினார். “இன்ஃபார்ம் ஒன்லி ஆ. ஓட்டு கேக்கக் கூடாது. ஜோக் அடிக்கக் கூடாது. யூ, ஸ்பெஷலி யூ.”

முதல் ஆள்

பொதுத் தேர்தல் முடிந்து விளக்குக் கம்பங்களிலிருந்து வேட்பாளர் படங்களை இறக்கிய கையோடு நாங்கள் போய் நின்றோம். அதுதான் வினை. கழுத்தில் அட்டை, கையில் துண்டுப் பிரசுரம், முகத்தில் இளிப்பு. பார்த்தவர்களெல்லாம் கட்சிக்காரன் என்றே நினைத்தார்கள். ஒரு வீட்டில் பஸ் நிறுத்தத்தைத் தள்ளி வைத்ததற்கு என்னைத் திட்டினார்கள். இன்னொரு வீட்டில் பேரனுக்குப் பாலர் பள்ளியில் இடம் கேட்டார்கள்.

நாலாம் மாடி கோவிந்தசாமி அங்கிள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரும்புக் கதவைத் திறக்காமலே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கழிவறை, குழாய், முக்கால்வாசி, எல்லாம். கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஓட்டு வாங்கினதுக்கு அப்புறம் கதவத் தட்டுற மொத ஆளு நீதான் தம்பி. நல்லா வருவ.”

குடை

எட்டாம் மாடி சரோஜா ஆன்ட்டி தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துக் கழிவறைக்கு இழுத்துப் போனார். கூரையில் பழுப்பாக ஒரு பெரிய கறை. அதிலிருந்து சொட்டு, சொட்டு. கதவுக்குப் பின்னால் ஒரு பூப்போட்ட குடை தொங்கியது. ஒன்பதாம் மாடியில் யாராவது குளித்தால் இவர் இங்கே குடை பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். எத்தனையோ முறை பூசிவிட்டுப் போனார்களாம். பழைய குழாய், பூச்சு நிற்கவில்லை. திட்டம் தோற்றால் இந்தச் சொட்டு நிற்கப் போவதே இல்லை.

“சிரிச்சுக்க லா, பரவால்ல. ஆனா மழை பெஞ்சா வெளிய போறப்பவும் எனக்கு இந்த ஒரு குடைதான்.”

வீட்டுக்கு ஒன்று

இன்னொரு வீட்டில் லெட்சுமி ஆன்ட்டிக்குத் திட்டம் வேண்டும். அவர் கணவர் முருகேசன் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர், அவருக்கு வேண்டாம். வேலை முடியும் வரை கீழே வைக்கிற தற்காலிகக் கழிவறைக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மின்தூக்கியில் இறங்க அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. யார் முதலில் கீழ்த்தள ஓட்டுப்பெட்டிக்கு வந்து போடுகிறாரோ, அதுதான் அந்த வீட்டின் ஓட்டு என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. அரை மணி நேரம் நடுவில் நின்றேன். கால் கடுத்தது. கடைசியில் முருகேசன் குளிக்கப் போனதும் ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினார்.

“எம்பிக்கு ஆளுக்கொரு ஓட்டு, கக்கூசுக்கு மட்டும் வீட்டுக்கு ஒண்ணா? சரி, அவரு காலை ஷிப்டுக்குப் போகட்டும். நான் வர்றேன்.”

மூன்று தட்டு

ஒன்பதாம் மாடியில், சரியாகக் குடைக்கு மேலே, சபாபதி ஐயா. யாழ்ப்பாணத்து வழி வந்தவர், அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம்தான் கழிவறைக்குத் தேடித் தேடி வாங்கி நீலப் பளிங்கு ஓடு பதித்திருந்தார். திட்டம் வந்தால் முதல் சம்மட்டி அதில்தான் விழும். மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஒரே பதில்: “வாக்கு இரகசியம், தம்பி. என்ரை மனுசிக்கே சொல்லேல்லை.”

அலுப்பில் எனக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. நாலாவது முறை மணியடிக்கவில்லை. கதவோரம் நின்று சரோஜா ஆன்ட்டி குரலில், “ஐயா, குளிக்கப் போறீங்களா?” என்றேன். அவர் வெலவெலத்து வெளியே வருவார் என்று பார்த்தால், உள்ளேயிருந்து பதமாகப் பதில் வந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மனிதர் ஒவ்வொரு நாளும் குளிக்கும் முன் கீழே கேட்கக் குழாயைத் தட்டிவிட்டுத்தான் தண்ணீரைத் திறக்கிறார் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இன்னும் இல்லைப் பிள்ளை. நான் வழமை போலை மூண்டு தட்டுத் தட்டுறன், நீர் ஆறுதலா இரும்.”

கீழ்த்தளத்தில் கடைசி மாலை

கடைசி நாள் மாலை வரை முக்கால்வாசி தேறுமா என்று யாருக்கும் தெரியவில்லை. மிஸ்டர் லிம் தேநீர் வாங்கப் போன சமயம் ஒலிபெருக்கியை எடுத்து எம்ஆர்டி ரயில் அறிவிப்புப் பெண் குரலில், “கதவுகள் மூடப்படுகின்றன” என்றேன். மூன்று பேர் ஓடி வந்தார்கள். அதோடு என் தொண்டையும் கட்டிக்கொண்டது.

மேசையை மடக்கப் போகும்போது சபாபதி ஐயா வந்தார். முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட காலணி. பொதுத் தேர்தலுக்கும் இப்படித்தான் போயிருப்பார். ஓட்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, அந்த ஓடுகளை உடைக்காமல் கழட்ட ஏலுமோ?” மிஸ்டர் லிம் குரலில் ‘கேன், கேன்’, முடியும் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. எட்டாம் மாடிக் குடை கண்ணுக்குள் நின்றது. ஆனால் சொந்தக் குரலில், கட்டின தொண்டையோடு, “முடியாது ஐயா” என்றேன். தலையாட்டினார். ஓட்டுப் போடும் தடுப்புக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றார். சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டார்.

மறுநாள் மின்தூக்கிப் பக்கத்தில் முடிவை ஒட்டினோம்: முக்கால்வாசி தேறிவிட்டது, திட்டம் உறுதி. சரோஜா ஆன்ட்டி அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றபோது, சந்தைப் பையோடு சபாபதி ஐயா வந்தார். நீங்கள் எதற்குப் போட்டீர்கள் என்று ஆன்ட்டி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மின்தூக்கிக்குள் ஏறிவிட்டு, கதவு மூடுமுன் மட்டும் சொன்னார்:

“குடையை இப்பவே எறிஞ்சு போடாதேயும் பிள்ளை. வேலை துவங்க வருசம் செல்லும்.”

நாடாளுமன்றத்துக்கு இந்த புளோக் யாரை அனுப்ப நினைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்பதாம் மாடி கழிவறைக்கு எப்படி ஓட்டுப் போட்டது என்பதை மட்டும், யாரும் வாயைத் திறக்காமலே, மூன்று தட்டு வாங்கும் அந்தக் குழாய் எனக்குச் சொல்லிவிட்டது.